பன்னீர்க்குளத்துப் பெட்டி

கோர்ட்டிலிருந்து வந்திருக்கிறீர்கள், எழுதிக்கொள்ளுங்கள் அம்மா. பெயர் உலகம்மாள். வயது ஐம்பத்தொன்று என்று ஆதாரில் இருக்கிறது, அதையே போடுங்கள். படிப்பு நான்காம் வகுப்பு. ஐந்தில் சேர்த்தார்கள், தம்பி பிறந்துவிட்டான், நின்றுவிட்டேன். வேலை, இந்த ஒன்றிய அலுவலகத்தைப் பெருக்குவது. பத்தொன்பது வருடம். பகுதி நேரம் என்று பெயர். காலை ஏழு மணிக்கு வந்து மாலை ஐந்து மணிக்குப் போகிறேன், மீதி நேரமெல்லாம் எனக்குத்தான்.

ஃபேனைக் குறைக்கட்டுமா? உங்கள் தாள் பறக்கிறது. வேண்டாமா? சரி. பறந்தால் நான் எடுத்துத் தருகிறேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். எல்லோரும் என்னை நடுவிலிருந்துதான் கேட்கிறார்கள். "ஏன் துவைச்சே?" என்கிறார்கள். அப்படிக் கேட்டால் நான் பைத்தியக்காரி மாதிரிதான் தெரிவேன். அழுக்காக இருந்தது, துவைத்தேன். அது நடுப்பகுதி. முதற்பகுதி தேர்தல்.

மார்கழியில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. ஓட்டு எண்ணி முடிந்ததும் பதினான்கு ஊராட்சிக்கும் பதினான்கு தகரப் பெட்டி கொண்டுவந்து வைத்தார்கள். ஓட்டுச் சீட்டு எல்லாம் உள்ளே. ஒவ்வொரு பெட்டிக்கும் மேலே காடாத்துணி சுற்றி, கோணி ஊசியால் தைத்து, தையல் மேல் அரக்கு உருக்கி ஊற்றி முத்திரை. துணி மேல் மையால் ஊர்ப் பெயர், தேதி, நின்றவர்களுடைய ஆட்களின் கையெழுத்து. தைத்தது யாரென்று தெரியவில்லை. ஆண்பிள்ளைத் தையல். ஒரு விரல் விட்டு ஒரு விரல் குத்தியிருந்தான். நான் அன்றைக்கே கிளார்க் சாரிடம் சொன்னேன். "சார், இந்தத் தையல் நிக்காது." அவர், "உலகம்மா, இது ரவிக்கை இல்ல, ரெக்கார்டு" என்றார்.

கிளார்க் சார் என்றால் தங்கமாரியப்பன் சார். பதிவேடுகளுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. நல்லவர். காலை ஊன்றி நடக்கமாட்டார், இழுத்து இழுத்து நடப்பார், தரையெல்லாம் கோடு விழும். மற்றபடி நல்லவர்.

பெட்டிகளைப் பின்பக்கத்து அறையில் வைத்தார்கள். முன்பு உர மூட்டை கிடந்த அறை. கதவைப் பூட்டி, பூட்டு மேல் ஒரு தாளைச் சுற்றி ஒட்டி, அதிலும் கையெழுத்து. கோர்ட்டு சொன்னால்தான் திறக்கலாம் என்றார்கள். அந்தத் தாளை நான் கிழிக்கவில்லை, இதைத் தெளிவாக எழுதுங்கள். ஆடிக்காற்றில் பசை விட்டு அதுவாக விழுந்தது. கீழே கிடந்தது, பெருக்கினேன். கீழே கிடப்பதைப் பெருக்குவதற்குத்தானே என்னை வைத்திருக்கிறார்கள்?

அதன் பிறகு ஆயுத பூஜை வந்தது.

இந்த ஆபீஸில் ஆயுத பூஜை பெரிதாகச் செய்வார்கள் அம்மா. ஜீப்பு, டைப் மெஷின், கம்ப்யூட்டர், பீரோ, தண்ணீர் மோட்டார், எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்போம். ஸ்டேப்ளருக்குக்கூட வைப்போம். பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் கிளார்க் சார் சாவிக்கொத்து முழுவதையும் என் கையில் கொடுத்து, "எல்லா ரூமும் கழுவிரணும், பி.டி.ஓ. ஐயா சுத்தி வருவாங்க" என்றார். எல்லா ரூமும் என்றுதான் சொன்னார். பின்பக்கத்து அறையைத் தவிர என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எல்லாம் என்றால் எல்லாம்தானே.

கதவைத் திறந்தேன். என்ன சொல்ல. கூரையில் ஒழுகி, துருத் தண்ணீர் வடிந்து, துணியெல்லாம் மஞ்சளும் கறுப்பும். ஒரு பெட்டி மேல் எலி குட்டி போட்டு வளர்த்துக் கொண்டு போயிருக்கிறது. பல்லிப் புழுக்கை. மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நிற்கமுடியும். இதன் மேல் சந்தனத்தை எங்கே வைக்க? சாமிக்கு வைக்கிற பொட்டை எலிப் புழுக்கை மேலேயா வைப்பார்கள்?

சும்மா எடுத்துத் துவைத்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். யோசித்தேன். முதலில் ஒரு துணியின் மூலையை நனைத்துப் பார்த்தேன். மை கரைந்தது. சரி, மொத்தமாகத் துவைத்தால் பெயர் போய்விடும், எது எந்த ஊர் என்று தெரியாது என்று நினைத்தேன். நான்காம் வகுப்பு என்றாலும் பெயர் வாசிப்பேன், கொஞ்சம் நேரம் எடுக்கும். ஒவ்வொன்றாக வாசித்து, வாசல் பக்கத்திலிருந்து வரிசையாகச் சுவரோரம் வைத்தேன். பஸ் வரிசை. எங்கள் ஒன்றியத்தில் பதினான்கு ஊரையும் ஒரே டவுன் பஸ் தொட்டுக்கொண்டு போகும். நான் கடைசி ஊர், கல்லடியூர். தினமும் இரண்டு வேளை பதினான்கு பெயரும் கண்டக்டர் வாயால் கேட்கிறேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். மை அழியும், பஸ் வரிசை அழியுமா?

அதற்கப்புறம்தான் தையலைப் பிரித்தேன். துணியை அறுக்கவில்லை, நூலை மட்டும் வெட்டினேன். அரக்கைத் தட்டித் தட்டி எடுத்து ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன், ஒரு துண்டுகூட தூரப் போடவில்லை, வேண்டுமென்றால் எண்ணிக்கொள்ளலாம். பெட்டிக்கு உள்ளே பார்க்கவில்லை. கொண்டியில் கம்பி முறுக்கியிருந்தது, அது முறுக்கினபடியே இருக்கிறது. வெளியே எண்ணெய் தொட்டுத் துடைத்தேன். துணியைச் சோப்புப் போட்டு அலசி, சொட்டு நீலம் போட்டு, மொட்டைமாடியில் பெட்டி வரிசைப்படியே காயவைத்து, மறுநாள் அதே துணியை அதே பெட்டிக்குச் சுற்றி நெருக்கமாகத் தைத்தேன். துணி மாறிவிடுமோ என்று காய்ந்ததை அதே வரிசையில் ஒவ்வொன்றாகத்தான் எடுத்தேன். ஒன்றைத் தைத்து முடித்துவிட்டுத்தான் அடுத்தது. இரண்டு நாள் முதுகு நிமிரவில்லை. அப்புறம் சந்தனம், குங்குமம்.

பி.டி.ஓ. ஐயா பூஜையன்று சுற்றி வந்தார். பின்பக்கத்து அறை வாசலில் நின்று பார்த்தார். பதினான்கும் வெள்ளைவெளேரென்று, பொட்டு வைத்து உட்கார்ந்திருக்கின்றன. "நல்லா வச்சிருக்கீங்க" என்றார். கிளார்க் சாரிடம்தான் சொன்னார். சார் அப்போது உள்ளே எட்டிப் பார்த்தாரா என்று நான் கவனிக்கவில்லை, சுண்டல் கிண்ணம் குறைகிறதே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஐயா வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டார். அவரைக் கேட்டால் சொல்வார். அவர் ஒருத்தர் சொன்ன நல்ல வார்த்தைதான், அதுவும் எனக்கு இல்லை.

தண்ணீர் குடிக்கிறீர்களா அம்மா? இது வடிகட்டினது. நானே காய்ச்சி வடிகட்டுவேன், இங்கே இருக்கிற மெஷினை நம்பமுடியாது.

கார்த்திகையில் கோர்ட்டுக் காகிதம் வந்தது. பன்னீர்க்குளத்தில் பூல்பாண்டி மூன்று ஓட்டில் தலைவராக ஜெயித்தாரே, தோற்ற ஜெபராணி கேஸ் போட்டிருக்கிறாள், மறுபடி எண்ண வேண்டும், பன்னீர்க்குளத்துப் பெட்டியைக் கொண்டுவா என்று. கிளார்க் சார் சாவியோடு போனார். கொஞ்ச நேரத்தில் பின்பக்கத்திலிருந்து, "உலகம்மா" என்று ஒரு சத்தம். பாம்பு என்று நினைத்து விளக்குமாற்றோடு ஓடினேன்.

"பேரு எங்க?" என்றார்.

"துவைச்சதுல போயிட்டு சார்."

"கையெழுத்து?"

"அதுவும் மைதானே சார்."

"சீலு?"

"டப்பாவுல பத்திரமா இருக்கு."

சார் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். வெள்ளைப் பேன்ட். நல்லவேளை, நான் காலையில்தான் துடைத்திருந்தேன்.

ஐந்தாம் நாள் ஒரு தாள் டைப் அடித்துக் கொண்டுவந்தார். என் வாக்குமூலமாம். நான் சொல்லாமலே என் வாக்குமூலம். "உலகம்மா, கையெழுத்துப் போட்டிரு. உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது. ஈரத்துல மை அழிஞ்சு போச்சு, அரக்க எலி தின்னுட்டு, அவ்வளவுதான். உன்ன நிரந்தரமாக்குற ஃபைல் என் டேபிள்லதான் இருக்கு, தெரியும்ல?" என்றார்.

தெரியும் அம்மா. பத்தொன்பது வருடமாக அந்த ஃபைலைத்தான் தூசி தட்டுகிறேன்.

பொய்யாயிற்றே என்று நான் பயப்படவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், போட்டுவிடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். எலி தின்றது என்றால் எலிக்கு என்ன நட்டம்? ஆனாலும் எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரியவேண்டாமா? எழுத்துக் கூட்டி வாசித்தேன். நடுவில் ஒரு வரி. "தேர்தல் முடிந்த நாள் முதல் இன்று வரை மேற்படி அறை திறக்கப்படவோ பெருக்கப்படவோ இல்லை."

"சார், இதென்ன?" என்றேன்.

"என்ன?"

"பெருக்கல்லன்னு போட்டிருக்கு."

"ஆமா. அப்பத்தான யாரும் உள்ள போகலன்னு ஆகும்."

"பதினோரு மாசமா ஒரு ரூமப் பெருக்காமப் போட்டிருந்தேன்னு நானே கையெழுத்துப் போடணுமா?"

"ஏ அம்மா, அது ஒரு பேச்சுக்கு."

"கோர்ட்டுல போயி நிக்கும் சார் இது. நாளைக்கு ஜட்ஜு வாசிப்பாரு. உலகம்மாள்னு ஒருத்தி, சம்பளம் வாங்கிட்டு ரூமப் பெருக்காதவன்னு வாசிப்பாரு."

பேனாவை மூடி வைத்துவிட்டேன். அந்த வரியை மட்டும் எடுத்துவிடுங்கள், மற்றதற்குப் போடுகிறேன் என்று எத்தனையோ சொன்னேன். எடுத்தால் மற்றது நிற்காதாம். நிற்காவிட்டால் அது அவர் பாடு.

மறுநாள் பூல்பாண்டி வந்தார். தலைவர் ஆனபிறகு இரண்டு பேரோடுதான் வருகிறார். "யக்கா, நீங்க ஒண்ணும் சொல்லாண்டாம். எது எந்தப் பெட்டின்னு ஞாபகம் இல்லன்னு மட்டும் சொல்லுங்க. வயசாயிட்டுல்லா, மறக்கத்தான செய்யும்?" என்றார். எனக்கு ஐம்பத்தொன்று. அவருக்கு ஐம்பத்தாறு இருக்கும். வெற்றிலை எச்சிலைப் புதுச் சுவரில் துப்பிவிட்டுப் போனார். அன்றைக்கே நினைத்தேன், இவருக்கு மூன்று ஓட்டு எப்படிக் கூடுதலாக விழுந்தது என்று.

ஜெபராணியும் வந்தாள். வரக்கூடாது என்று இருக்கிறதா? எனக்குத் தெரியாது. வந்தாள், எழுதிக்கொள்ளுங்கள். பஸ் ஸ்டாண்டில் தையல் கடை வைத்திருக்கிறாளே, அவள்தான். திட்டப்போகிறாள் என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றேன். திட்டவில்லை. பின்பக்கத்து ஜன்னல் வழியாகப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நீங்களா யக்கா தச்சது?" என்றாள்.

"ஆமா."

"கையாலயா?"

"பின்ன? மெஷின உள்ள கொண்டு போக முடியுமா?"

"ஒரே அளவுல குத்தியிருக்கியளே" என்றாள். பதினோரு மாதத்தில் எனக்கு நேராக ஒருவர் சொன்ன ஒரு நல்ல வார்த்தை அதுதான். தையல் தெரிந்தவள் சொன்னாள்.

அப்புறம் சொன்னாள். "மூணு ஓட்டுதான் யக்கா. திரும்ப எண்ணித் தோத்தா நான் பேசாம என் கடையப் பாக்கப் போயிருவேன். எண்ணாமலே தோத்துட்டன்னு சொன்னா எப்படி யக்கா? பன்னெண்டு ஓட்டு செல்லாதுன்னு தள்ளினாங்க, என் கண்ணு முன்னால ஒண்ணக்கூட காட்டல. எனக்கு அந்தப் பன்னெண்டைப் பாக்கணும். எந்தப் பெட்டின்னு உங்களுக்குத் தெரியும்லா?"

"தெரியும்" என்றேன். "கோர்ட்டு ஆளுகிட்டத்தான் சொல்லுவேன்."

"அது போதும்" என்றாள். போகும்போது செருப்பை வாசலில் விட்டிருந்தது தெரிந்தது.

என்ன எழுதுகிறீர்கள்? வாசியுங்கள், கேட்கிறேன்.

அது தெரியும் அம்மா. கிளார்க் சார் தினமும் அதையே சொல்லித்தான் பயம் காட்டுகிறார். கோர்ட்டு ஒரே ஒரு பெட்டிக்குத்தான் உத்தரவு கொடுத்திருக்கிறது. வேறு ஊர்ப் பெட்டியைத் தவறித் திறந்துவிட்டால் அது தனித் தப்பு, இந்தக் கேஸும் அதோடு போகும். உள்ளே ஒரு துணிப்பை இருக்குமாம், அதற்குத் தனி முத்திரை இருக்குமாம், அது உடையாமல் இருந்தால் எண்ணலாமாம். நான் சரியாகக் காட்டினால் ஜெபராணிக்கு ஓட்டு எண்ணுவார்கள், எனக்கு வேலை போகும். ஞாபகம் இல்லை என்றால் எனக்கு வேலை இருக்கும். சார் விரல் விட்டு எண்ணிக் காட்டினார். ஞாபகம் இருக்கிறதை இல்லை என்றால், நான் என்ன, பூல்பாண்டி சொன்ன மாதிரிக் கிழவியா?

ஏழாவது பெட்டி. வாசலிலிருந்து ஏழாவது. எழுதிவிட்டீர்களா? வாருங்கள், காட்டுகிறேன்.

அந்தப் படி வழுக்கும், பார்த்து வாருங்கள்.

*

எல்லோரும் வந்துவிட்டார்களா? இது பூல்பாண்டியும் அவர் வக்கீலும். அது ஜெபராணி. கிளார்க் சார், நீங்கள் அங்கே நில்லுங்கள், சுவர் சுண்ணாம்பு ஒட்டும்.

பாருங்கள் அம்மா. இரண்டு மாதம் ஆகிறது, அன்றைக்கு என்னிடம் எழுதிக்கொண்டு நீங்கள் அறைக்குச் சீல் வைத்ததிலிருந்து என்னை உள்ளே விடவில்லை, தூசி படிந்துவிட்டது. ஆனால் வரிசை கலையவில்லை. குங்குமம்கூட அப்படியே இருக்கிறது.

வாசலிலிருந்து எண்ணுகிறேன். கண்டக்டர் சொல்கிற மாதிரி. வடக்குச்செவல். ஆவாரங்காடு. மந்தைக்குளம். கீழப்பாறை. ஓடைப்பட்டி. கள்ளிவிளை. சாலைப்புதூர்.

இருங்கள்.

இல்லை, பேசாமல் இருங்கள் ஒரு நிமிஷம். அந்தக் கத்தரிக்கோலை வைக்காதீர்கள் அதன் மேல். வைக்காதீர்கள் என்கிறேன்.

கள்ளிவிளை விட்டால் பன்னீர்க்குளம்தான். நேற்று வீட்டுக்குப் போகும்போதுகூட அப்படித்தான் போனேன். கள்ளிவிளை, பன்னீர்க்குளம், சாலைப்புதூர். அப்படியென்றால் இது பன்னீர்க்குளம். ஆனால் என் வாய் ஏன் சாலைப்புதூர் என்கிறது? இந்தப் பெட்டியைத் தொட்டதும் சாலைப்புதூர் என்றுதானே வந்தது?

பாலம் அம்மா. கள்ளிவிளைப் பாலம். புரட்டாசி முழுவதும் பாலத்தை இடித்துப் போட்டிருந்தார்கள். பஸ் தோட்டத்து வழியாகச் சுற்றி முதலில் சாலைப்புதூர் போய், அப்புறம் திரும்பிப் பன்னீர்க்குளம் வந்து, அங்கிருந்து மேலே போயிற்று. ஒரு மாதம் அப்படித்தான். நான் பெட்டியை அடுக்கின அன்றைக்கும் அப்படித்தான் வந்தேன். அரை மணி நேரம் தாமதம், சார் என்னைக் கேட்டார், பாலத்தை நானா இடித்தேன் என்று சொன்னேன். அந்த மாதம் வீட்டுக்குப் போகையில் காதில் கேட்ட வரிசையில்தான் அடுக்கியிருக்கிறேன். ஏழாவது சாலைப்புதூர். எட்டாவதுதான் பன்னீர்க்குளம்.

ஏழு என்று எழுதிவிட்டீர்களா? அடித்துவிட்டு எட்டு போடுங்கள். அடித்தலுக்குப் பக்கத்தில் கையெழுத்து வேண்டுமென்றால் போடுகிறேன்.

என்ன சொல்கிறார் வக்கீல்? "நிமிஷத்துக்கு ஒண்ணு சொல்லுதா, இவ பேச்ச எப்படி எடுக்க"வா? எடுக்காவிட்டால் போங்கள். ஏழு என்று சொல்லிவிட்டேன், சொன்னது சொன்னதுதான் என்று தப்பான பெட்டியையா காட்ட? சிரிக்காதீர்கள், பூல்பாண்டி. நீங்கள் சிரிக்கிறதைப் பார்த்தால் ஏழாவதையே திறக்கட்டும் என்று இருக்கிறீர்கள் போல.

ஜெபராணி, நீ அழாதே. நீயும் என்னைப் பார்க்காதே. என்னைப் பார்த்தால் எனக்கு எண்ணிக்கை விட்டுப்போகும்.

அம்மா, பஸ் டிப்போவில் கேளுங்கள். பஸ் சுற்றிப் போனால் கிலோமீட்டர் எழுதவேண்டும், கட்டாயம் எழுதி வைத்திருப்பார்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை பாலம் இல்லை என்று அவர்களிடம் இருக்கும். நான் ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் அடுக்கினேன். அதோடு சேர்த்துப் பாருங்கள்.

ஃபோனிலேயே கேட்கிறீர்களா? கேளுங்கள். நிற்கிறேன்.

என்ன சொன்னார்கள்?

பார்த்தீர்களா. ஐப்பசி நாலு வரைக்கும் பாலம் இல்லை, ஆயுத பூஜை அதற்கு முன்னாலேயே வந்துவிட்டது.

சரி, எட்டாவது. நானே பிரிக்கிறேன், கொடுங்கள் இப்படி. நீங்கள் துணியை வெட்டிவிடுவீர்கள். இந்த நுனியில் முடிச்சு இருக்கிறது, இதை எடுத்தால் முழுத் தையலும் ஒரே இழுப்பில் வரும். வந்துவிட்டது. கம்பி நீங்கள்தான் அவிழ்க்கவேண்டும், நான் அதைத் தொட்டதே இல்லை. எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள், முறுக்கினபடியே இருக்கிறது.

பையை வெளியே எடுக்காமல் வாசியுங்கள் அம்மா. மை இருக்கிறதா? முத்திரை இருக்கிறதா? சத்தமாக வாசியுங்கள், ஜெபராணிக்குக் கேட்கட்டும்.

பன்னீர்க்குளம்.

சரி. அப்புறம் என்ன. கொண்டு போய் எண்ணுங்கள். மூன்றுக்குக் கூடினாலும் குறைந்தாலும் எனக்கு ஒன்றும் இல்லை. ஜெபராணி, கையை விடு, என் கையெல்லாம் தூசி.

எங்கே கையெழுத்து? இங்கேயா? உத்தரவு இல்லாமல் அறைக்குள் போனேன், முத்திரையை எடுத்தேன், ஆமாம். இரண்டும் சரிதான். போட்டுவிட்டேன். கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும், ஆனால் வாசிக்கலாம்.

வேலைக்கு வரவேண்டாம் என்று உத்தரவு எப்போது வரும்? திங்கட்கிழமையா?

அப்படியென்றால் சனிக்கிழமை இருக்கிறது. கிளார்க் சார், சனிக்கிழமை காலையில் இந்த அறையைத் திறந்துவையுங்கள், நீங்களும் கூடவே நின்றுகொள்ளுங்கள், எதையும் தொடமாட்டேன். ஒரு தரம் பெருக்கிவிட்டுப் போகிறேன். இத்தனை பேர் செருப்போடு நிற்கிறீர்கள்.